பத்துக் கிலோ கூடிய சிறுநீரகம்

நிறை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன் ஒரு மனுஷி எதையெல்லாம் கழற்றலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நான் அன்றைக்கு அந்த எல்லைவரை போனேன். செருப்பு, கைப்பை, மணிக்கூடு, இரண்டு காப்பு, கொண்டைக் கிளிப். கடைசியாக மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் தாதியின் மேசையில் வைத்தேன்.

"கண்ணாடி பெரிய நிறையில்லை அம்மா, போடுங்கோ."

"போட்டால் இலக்கம் தெரியும் பிள்ளை. அதுதான் கழட்டினனான்."

என் கஷ்டம் அவளுக்கு விளங்கவில்லை. எட்டிப் பார்த்து, சிறுநீரக கிளினிக்கின் நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி "தொண்ணூற்றொண்டு" என்றாள். கடைசி வாங்கில் என் தம்பி சீலனும் அவன் மனைவி றஞ்சினியும் இருந்தார்கள். சீலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய நிறை அப்போது ஐம்பத்திரண்டு.

டொக்டர் என் பழைய மாணவிகளின் வயதுக்காரர். "உங்கடை சிறுநீரகம் ரெண்டும் முதல்தரம். ரத்தம் தம்பியோடை பொருந்துது. பிறஷர் இல்லை, சீனி இல்லை. ஆனால் பத்துக் கிலோ குறைச்சால்தான் ஒப்பரேஷனுக்கு எடுப்பம். நாலு மாசம் தாறம்" என்றார்.

"குறையாட்டி?"

"வேறை ஆள் பாக்கவேணும்."

வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? றஞ்சினியின் இரத்தம் பொருந்தவில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் இல்லை. சொந்தத்தில் மிச்சம் ஒரு சித்தப்பா. அவருக்கு எழுபத்தெட்டு வயது, காதும் கேட்காது. ஆகவே என் தம்பியின் உயிர் என்னுடைய பத்துக் கிலோக் கொழுப்புக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது மனைப்பொருளியல். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் உணவுக் கூம்பகம் கீறி, நுனியில் கொழுப்பையும் சீனியையும் போட்டு, "மிகச் சிறிதளவு" என்று எழுதுகிறேன். எழுதி முடிய இடைவேளை மணி அடிக்கும். கன்ரீனுக்குப் போய் எண்ணெயில் பொரித்த இரண்டு றோல்ஸ் சாப்பிடுவேன். எந்த மாணவியும் இதுவரை கேள்வி கேட்டதில்லை, நல்ல வளர்ப்பு.

எப்படி அகப்பட்டேன்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் அவசர புத்தி புதிதில்லை. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்ட சேலையையே கூறைச்சேலையாகக் கட்டியவள் நான். முதலில் பார்த்த மாப்பிள்ளையையும் அப்படித்தான் எடுத்தேன். அவர் இன்னும் சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார், குறை சொல்ல முடியாது.

சீலனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று தெரிந்து, கிழமையில் இரண்டு நாள் டயலிசிஸ் தொடங்கியிருந்த காலம். டொக்டர் எங்களை இருத்தி வைத்து, "சொந்தக்காரரிலை ஆராவது ஒருத்தர் சிறுநீரகம் குடுக்க..." என்று தொடங்கினார். வசனம் முடியவில்லை.

"நான் தாறன்" என்றேன்.

"அவசரப்படாதைங்கோ. வீட்டை போய் யோசிச்சு, கணவரோடை கதைச்சு, ரெண்டு கிழமையாலை வாங்கோ."

"யோசிக்க என்ன கிடக்கு, டொக்டர்."

பேக்கரியில் சூடான பணிஸ் தட்டு வெளியே வரும்போதும் நான் இதே குரலில்தான் கதைக்கிறேன். இதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். விஷயத்தை வீட்டில் சொன்னபோது "கேட்டிருக்கலாம்" என்றார் முதலில். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எந்தப் பக்கத்துச் சிறுநீரகம்?" என்று கேட்டார். இருபத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஆகப் பெரிய கேள்வி அது.

யோசிக்கிற தம்பி

சீலன் எனக்கு ஐந்து வயது இளையவன். நில அளவை அவன் தொழில். ஓர் எல்லைக்கல்லை மூன்று தரம் அளக்காமல் நாட்டமாட்டான். றஞ்சினியைப் பெண் பார்த்துவிட்டு வந்து ஒன்றரை வருடம் யோசித்தான். அவள் வீட்டார் பொறுமைசாலிகள்.

கொதித்தாறிய தண்ணீர்தான் குடிப்பான். கொத்துரொட்டிக் கடை இருக்கும் தெருவையே தவிர்ப்பான். பின்னேரம் தவறாமல் நடப்பான். அம்மா பணியாரம் சுட்டு ஆளுக்கு இரண்டு தந்தால், ஒன்றைத் தின்று மற்றதைப் பேப்பரில் சுற்றி நாளைக்கென்று வைப்பான். நாளைக்கு அது இருக்காது. எறும்பு கொண்டுபோயிருக்கும் என்று நான் சொல்லுவேன், அவனும் எறும்பைத் தேடுவான்.

அப்படி உடம்பைப் பேணியவனுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் போயின. பிறப்பிலேயே இருந்த ஏதோ கோளாறாம். அகப்பட்டதையெல்லாம் தின்ற எனக்கு இரண்டும் முதல்தரம். இது என்ன நியாயம் என்று எங்கள் போதகரிடம் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, செபம் பண்ணுவோம் என்றார்.

கற்பனை றோல்ஸ்

கிளினிக்கில் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை கேள்வித்தாளோடு உலாவிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு ஆசைக்கும், அவசரமாக முடிவெடுப்பதற்கும், உடம்பு நிறைக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்கிறாளாம். அத்தனை பேர் இருந்த இடத்தில் நேராக என்னிடம் வந்தாள். அதிலேயே ஆராய்ச்சி பாதி முடிந்துவிட்டது.

"அன்ரி, இப்ப ஒரு றோல்ஸ் வேணுமோ, நாளைக்கு இதே நேரம் மூண்டு வேணுமோ?"

"றோல்ஸ் எங்கை?"

"இல்லை அன்ரி, இது கற்பனை."

"அப்ப எனக்கு இப்ப."

"நாளைக்கு அஞ்சு எண்டால்?"

"இப்ப."

"வாற கிழமை பத்து?"

"வாற கிழமை நீர் வருவீரோ, நான் வருவனோ, பேக்கரி திறப்பினமோ, ஆர் கண்டது? இப்ப எண்டு எழுதும்."

எழுதினாள். அடுத்த பக்கத்தில், பசியில்லாத நேரத்திலும் வாசனைக்குச் சாப்பிடுவீர்களா என்று ஒரு கேள்வி. எப்போதாவது, அடிக்கடி, எப்போதும் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நாலாவது கட்டம் இல்லையா என்று கேட்டேன்.

அரியாலையில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பணிசும் கேக்கும் விற்கிற பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். மத்தியானம் தின்றது அப்போதும் நெஞ்சுவரை நிற்கும். ஆனாலும் அந்தப் பாட்டுக் கேட்டால் என் கால் செருப்பைத் தேடும். பசி வயிற்றில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். என்னுடையது காதிலும் மூக்கிலும் இருந்தது, வயிற்றை ஒருவரும் கேட்பதில்லை.

"அன்ரிக்கு நாளைக்கு எண்டதிலை நம்பிக்கை குறைவு எண்டு வருது" என்றாள் பிள்ளை, மிகவும் மரியாதையாக.

"ஏன் குறைவு எண்டு கேக்க உதிலை இடம் இருக்கோ?"

"இல்லை அன்ரி."

இங்கே இடமிருக்கிறபடியால் எழுதுகிறேன். எங்கள் அம்மா நத்தாருக்கு இரண்டு மாதம் முன்னரே ரிச் கேக் போட்டு, தகரப் பெட்டியில் மூடி, அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். வைக்க வைக்கத்தான் ருசி என்பது அவர் கட்சி. யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்த வருடமும் ஒரு துண்டு கேட்டேன். நத்தாருக்கு என்றார். சில நாட்களில் ஊரே வெளிக்கிட்டது. சைக்கிளில் அரிசியும் உடுப்பும் கட்டி, மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்தோம். அலுமாரித் திறப்பு அம்மாவின் இடுப்பில் இருந்தது, கேக் அலுமாரிக்குள் இருந்தது.

மாதங்கள் கழித்துத் திரும்பியபோது அலுமாரியே இல்லை. எங்களுடைய கேக்கை யாரோ ஒரு புண்ணியவான் ஒரு நாளும் பொறுக்காமல் தின்றிருப்பான். அதற்குப் பிறகு என் வீட்டில் கேக் என்றால் சூடு ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என் வாய்க்கு யுத்தத்தின் மேல் பழி போடுவது வசதி என்று எனக்கும் தெரியும். சீலனும் அதே மழையில்தான் நடந்தான். அவன் அதற்குப் பிறகு பிஸ்கட்டையும் பாதியாக உடைத்து வைக்கப் பழகினான்.

உபவாசமும் ஏலமும்

நிறையைக் குறைக்க நான் கண்டுபிடித்த முதல் வழி பக்தி. எங்கள் சபை மாதர் சங்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் உபவாச செபம் நடக்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், ஒரு மணிவரை செபித்து, பிறகு எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவோம். காலையில் சாப்பிடாத நியாயத்தோடு உட்காருகிற பந்தி அது. கோழிப் புரியாணி, கட்லட், வட்டிலப்பம். உபவாசம் இருந்து இவ்வளவு சாப்பிடக்கூடிய சனம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

பிறகு அறுப்புப் பண்டிகை வந்தது. தோட்டத்தில் விளைந்த பூசணி, வாழைக்குலை, தேங்காய், முட்டை எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிய முற்றத்தில் ஏலம் விடுவார்கள். கேக்கும் வரும். நான் ஒரு வாழைக்குலையைக் கொடுத்துவிட்டு வரத்தான் போனேன். சத்தியமாக.

ஏலத்தில் ஒரு லவ் கேக் வந்தது. ரோஸ் வோட்டரும் கஜுவும் மூன்றாம் வரிசைவரை மணத்தன. போதகரின் மனைவி கையைத் தூக்கினார். என் கையும் உயர்ந்தது. அவர் திரும்பவும் தூக்கினார். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, கை தனியாகப் போய்விட்டது. தேவ காரியத்துக்குத்தானே என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

றஞ்சினிக்குக் கொடுக்கலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூலை உடைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். மூன்று நாளில் முடிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு துண்டு தின்றார், சாட்சிக்கு.

முதல் மாத நிறை தொண்ணூற்றிரண்டு.

"அம்மா, குறைக்கத்தானே சொன்னது" என்றாள் அதே தாதி. வாங்கிலிருந்த சீலன் சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. றஞ்சினி மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கை பஸ் ரிக்கற்றைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக்கொண்டே வந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது. தம்பி ஒரு மெஷினில் தொங்கிக்கொண்டிருக்கிறான், நான் லவ் கேக் தின்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து உண்மையாகத் தொடங்கினேன். விடிய எழும்பி நடந்தேன். கன்ரீன் பக்கம் போகவில்லை. பாண் ஓட்டோ வந்தால் என் வீட்டுக்காரர் பேப்பரோடு கேற்றடிக்குப் போய், நிற்க வேண்டாம் என்று கையைக் காட்டுவார். இரவில் மரக்கறியும் ஒரு துண்டு மீனும். நான் பட்ட பாட்டை இங்கே விபரித்தால் பத்திரிகை இன்னொரு பக்கம் தரவேண்டிவரும். இரண்டாம் மாதம் எண்பத்தேழு.

இந்த முறை சீலன் சிரிக்கவில்லை. டொக்டரோடு ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்று தனியே உள்ளே போனான்.

சனிக்கிழமைக் கூழ்

சனிக்கிழமைகளில் சண்டிலிப்பாய்க்கு ஸ்கூட்டியில் போய்ச் சீலனைப் பார்ப்பது வழக்கம். அடுத்த சனிக்கிழமை கேற்றிலேயே வாசனை பிடித்தது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன் தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, உறைப்பும் புளியுமாக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு வேண்டாம். டொக்டர் கொல்லுவார்" என்றேன்.

"எனக்கு உப்பும் ஏலாது, தண்ணியும் அளந்துதான்" என்றான் சீலன். "நீங்கள் குடிக்கிறதைப் பாத்தாலே நான் குடிச்ச மாதிரிக் கிடக்கும். ஒரு பிலா குடியுங்கோ அக்கா."

இப்படிக் கேட்டால் யார் மாட்டேன் என்பது? பலா இலையைக் கோலி ஒரு பிலா குடித்தேன். தம்பிக்காக. இரண்டாவதையும் தம்பிக்காகத்தான் குடித்தேன். ஐந்தாவது பிலாவில் தம்பியின் ஞாபகம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டிறைச்சிப் பிரட்டலும் புட்டும். அதற்கடுத்தது திரும்பவும் கூழ். எதிரே கதிரையில், ஊசி ஏற்றி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆறு நாள் பட்டினி கிடந்து குறைத்ததைச் சனிக்கிழமை திரும்பக் கட்டிக்கொண்டு வருவேன். நோயாளியின் ஆசை, என்ன செய்வது என்று வீட்டில் சொன்னேன். "நோயாளி ஆர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மூன்றாம் மாதம் எண்பத்தைந்து. இன்னும் நாலு கிலோ. கையில் இருந்தது மூன்று கிழமையும் சில நாட்களும்.

அடுப்படியில்

அந்தச் சனிக்கிழமை கொஞ்சம் நேரத்தோடு போய்விட்டேன். சீலன் அறையில் படுத்திருந்தான். றஞ்சினி அடுப்படியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை நிறுத்தினாள்.

"மச்சாள், திரும்பிப் போங்கோ. அவர் எழும்பமுதல் போங்கோ."

"ஏன் றஞ்சினி, என்ன நடந்தது?"

"நான் காய்ச்சுறன், நீங்கள் குடிக்கிறியள். என்ரை கையாலையே என்ரை மனுசனைச் சாக்காட்டுறன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் குந்தினேன்.

"அண்டைக்கு டொக்டரைத் தனியக் கண்டு என்ன கேட்டவர் தெரியுமோ? அக்காவின்ரை நிறை குறையாட்டி நீங்கள் எடுக்கமாட்டியள்தானே எண்டு. ஓம் எண்டு அவர் சொன்னவராம். அண்டையிலை இருந்துதான் உந்தக் கூழ். விடிய எழுப்பி, நல்ல நண்டாப் பாத்து வாங்கு எண்டு சந்தைக்கு அனுப்புறார். காய்ச்சமாட்டன் எண்டால் தானே அடுப்படிக்கு வாறார், நிக்க ஏலாமல் சுவரைப் பிடிச்சுக்கொண்டு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சத்தியம் வாங்கினவர்" என்று முழங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

எழும்பி அறைக்குப் போனேன். சீலன் விழித்திருந்தான். அடுப்படிக் கதை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும்.

"நீ என்னைக் கொழுக்க வைக்கிறியோ?"

"ஓம்" என்றான். அளந்து பார்த்ததை மாற்றிச் சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"ஏன்ரா?"

"உங்களை மேசையிலை கிடத்தி வெட்டுறதை நான் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். ஒண்டு நடந்தால் அத்தானுக்கு நான் என்ன சொல்லுறது? வேண்டாம் எண்டு சொன்னால் நீங்கள் கேக்கமாட்டியள். சாப்பிடுங்கோ எண்டால் கேப்பியள். அதுதான்."

என் தம்பி சாவதற்கு ஒரு வழி தேடியிருக்கிறான், அது என் வாயாக இருந்திருக்கிறது. அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அறைய ஓர் இடமும் அந்த உடம்பில் மிச்சமில்லை.

"நீங்கள் யோசிக்காமல் சொன்னதை நான் யோசிச்சுத் திருத்தினன் அக்கா. அவ்வளவுதான்."

"சரி. ஒண்டை மட்டும் சொல்லு. உனக்கு உயிரோடை இருக்க ஆசையோ, இல்லையோ?"

"அது... உடனை சொல்லுற விஷயமே? யோசிச்சுச் சொல்லுறன்."

"யோசிக்காதை. நீ யோசிச்சது காணும். இப்ப சொல்லு, வாயிலை வாறதை."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தான். அங்கே றஞ்சினி நண்டுக் கையோடு நின்றாள்.

"ஆசைதான்" என்றான். "சரியான ஆசையாக் கிடக்கு, அக்கா."

சொன்ன பிறகு அவனே பயந்துபோனான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். வளர்ந்த பிறகு, நாற்பத்தேழு வயதில், அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

றஞ்சினி அடுப்படிக்குப் போய், உடைத்த நண்டு, கரைத்த மா, புளி எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டு, வேலி ஓட்டைக்குள்ளால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தச் சட்டி என்னைக் கடந்து போனபோது எனக்கு வாய் ஊறியது. அழுதுகொண்டிருக்கும்போதே ஊறியது. அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் ஆகியும் என்னை ஒருவரும் சாப்பிடச் சொல்லவில்லை. நான் புறப்பட்டேன். சீலன் சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்துக்கு வந்து, நான் தடுக்கத் தடுக்கக் கேற்றைத் திறந்துவிட்டான். ஸ்கூட்டியை நான் ஸ்ராட் பண்ணும்வரை கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கைபிடியில் கையை வைத்தான்.

"கெதியாக் குறையுங்கோ, அக்கா" என்றான்.